இறுக்காத இரண்டு நட்டுகள்

"என் புருஷனைக் கொன்னது என் தம்பியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் எனக்குத் தெரிய வேணாம்."

சக்கர நாற்காலியில் இருந்த பெண்மணி அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி உலர்ந்துபோன குரல். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. போன வருடம் ஆறாத புண் ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்னால் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். தெருவில் இன்னும் அவருக்கு வேன்காரம்மா என்றுதான் பெயர்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் அம்மையாருக்கும் ஊர் வைத்த பெயர் ஒன்று உண்டு: நிதானம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பஸ் போய்விட்டால், அடுத்த பஸ் எப்படி ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டு சந்தோஷமாக நிற்பவர். பக்கத்தில் நின்றவன் அவருடைய உதவியாளன். அடுத்தவர் பின்னாலேயே போவது வேலை, சும்மா இருக்கத் தெரியாதது குணம் என்பதால் அவன் பெயர் வால். இன்று புதுக் கோட்டு வேறு போட்டிருந்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

"அவரு தையல்காரர். துணியைத் தவிர வேற எதுவும் தெரியாது. திடீர்னு ஒரு பழைய காரை வாங்கினாரு. கிளட்ச் இல்லாத வண்டி, கியர் தானா மாறும். சரி, ஆசைன்னு விட்டேன். அப்புறம் அதோட ஸ்பிரிங்கை எல்லாம் மாத்தி, காலேஜ் பசங்க மாதிரி வண்டியைத் தரையோட தரையா இறக்கினாரு. வீல் அலைன்மென்ட்டும் நானே பார்த்துக்கறேன்னு பின்னாடி ஷெட்டுல போய்ப் படுத்துக்கிட்டாரு." வேன்காரம்மா ஜன்னலைப் பார்த்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஷெட்டின் கதவு தெரிந்தது. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. "அந்தப் படியை இந்த நாற்காலி தாண்டாது. உள்ள என்ன செஞ்சாருன்னு நான் பார்த்ததே இல்ல. 'கால் இல்லாதவ வீட்டுல கிடக்கிறா, இவருக்கு ரேஸ் வண்டி கேக்குது'ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். சிரிச்சாரு."

"தம்பி?"

"மெக்கானிக். பெரிய தெருவுல சொந்த ஒர்க் ஷாப். அவரை மாமா மாமான்னு சுத்தி வந்தவன்தான். அன்னைக்குக் காலையில ஷெட்டுல ரெண்டு பேருக்கும் சண்டை. 'இந்த வண்டியை எடுத்தீங்கன்னா செத்துத்தான் போவீங்க'ன்னு அவன் கத்தினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கு. மத்தியானம் அவரு வண்டியை எடுத்தாரு. செத்துட்டாரு."

மழையில், தண்ணீர்த் தொட்டி வளைவில், கார் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் மரத்தில் போய் நின்றது. ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் பூட்டு நட்டுகள் தளர்ந்திருந்தன என்றது போலீஸ். காரிலிருந்து இரண்டு ஸ்பேனர்கள் கிடைத்தன. கைப்பிடியில் சிவப்பு பெயின்ட், தம்பியின் ஒர்க் ஷாப் அடையாளம். தம்பியைக் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். சாயங்காலத்துக்குள் வேன்காரம்மா புகார் கொடுத்தால் உள்ளே வைத்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

"அன்னைக்கு அவர் எங்க கிளம்பினார்?" என்று கேட்டார் நிதானம்.

அங்கேதான் குரல் முதன்முதலாக உடைந்தது. "என்னைக் கூப்பிடத்தான். செயற்கைக் கால் செய்யற இடத்துக்கு நான் ஆட்டோவுல போயிருந்தேன். அளவு பார்க்கத்தான் வரச்சொன்னாங்க. பார்த்தா காலே தயாரா இருந்துச்சு. சந்தோஷத்துல போன் பண்ணினேன். 'அங்கேயே இரு, வண்டியை எடுத்துட்டு நானே வர்றேன்'னாரு. அதுக்கு முன்னாடி அந்த வண்டியில என்னை ஏத்தினதே கிடையாது. ஏன் அன்னைக்கு மட்டும்?"

மூலையில் அட்டைப்பெட்டி ஒன்று கட்டுப் பிரிக்காமல் நின்றது. கால் உயரம் இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இருவரும் எழுந்தார்கள். வேன்காரம்மாவின் கண் வாலின் தோள்பட்டையில் ஒரு கணம் நின்றது.

"தம்பி, கையை ரொம்பத் தூக்காதீங்க" என்றார்.

வாலுக்குப் புரியவில்லை. நிதானத்துக்கும் புரியவில்லை. புரியாததை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் வால் நின்றுவிட்டான்.

"மேடம், இது ஷெட்டா, சிலந்தி வீடா?"

கார் நின்ற இடம் காலி. அந்தக் காலி இடத்தின் இரண்டு பக்கமும், சக்கரத்தின் நடு உயரத்தில், நாலு மரக்கட்டைகளுக்கு இடையே வெள்ளை நூல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. முன்சக்கரங்கள் நின்ற இடத்தில் பக்கத்துக்கு இரண்டு டைல்ஸ், ஒன்றின்மேல் ஒன்று; நடுவே கிரீஸ். மேல் டைல்ஸை நிதானம் ஒரு விரலால் தள்ளினார். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அவர் முகம் மலர்ந்தது. நன்றாகச் செய்யப்பட்ட வேலையைப் பார்த்தால் துக்க வீட்டில்கூட அவருக்கு அப்படித்தான்.

"நேரா நில்லு" என்றார். "இப்ப ரெண்டு பாதத்தையும் உள்பக்கமா திருப்பி நட."

வால் வாத்து மாதிரி நாலடி நடந்தான். "இதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் உண்டா, இல்ல மனசுக்கு ஒரு ஆறுதலா?"

"காரோட முன்சக்கரமும் அப்படித்தான். ரெண்டும் நேரா பார்க்கணும். உள்பக்கம் பார்த்தா டயர் தேயும். வெளிப்பக்கம் பார்த்தா வண்டி நாலு பக்கமும் இழுக்கும், அதுவும் ஈர ரோட்டுல பிரேக் போட்டா கேக்கவே வேணாம். ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இறக்கினா, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பிங்க எல்லாம் கோணம் மாறும். சக்கரத்தோட பார்வையும் மாறிடும். அதனால திரும்பச் சரி பண்ணணும்."

"அதுக்குத்தான் கடையில மிஷின் இருக்கே. இவர் ஏன் நூல் கட்டினார்?"

"மிஷின் செய்யறதும் இதேதான். இந்த நூல் வண்டிக்கு இணையா, நேரா ஓடுது. நூல்லேர்ந்து சக்கரத்தோட முன் விளிம்புக்கு எவ்வளவு தூரம், பின் விளிம்புக்கு எவ்வளவு தூரம், அளந்து பார். ரெண்டும் ஒண்ணுன்னா சக்கரம் நேரா பார்க்குது. வித்தியாசம் இருந்தா, ஸ்டீயரிங்லேர்ந்து வர்ற கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா திருகினா சக்கரம் திரும்பும். அப்ப டயர் தரையைக் கவ்விக்கிட்டு அடம்பிடிக்கக் கூடாது. அதுக்குத்தான் கிரீஸ் தடவின டைல்ஸ். அளவு சரியானதும் கம்பி மேல இருக்கிற பூட்டு நட்டை இறுக்கிட்டா முடிஞ்சுது."

"அந்த நட்டுதான் லூசா இருந்துச்சு."

"ஆமா. இவ்வளவு தூரம் பார்த்துப் பார்த்துச் செஞ்ச ஆள், கடைசி ஒரு நட்டை மறப்பாரா? ஒண்ணு இல்ல, ரெண்டை?"

"அப்போ மச்சினன்தான். போலீஸ் கெட்டிக்காரங்க, நாம வீட்டுக்குப் போகலாம். எனக்கு இன்னைக்குப் போட்டோ வேற எடுக்கணும்."

சுவரோரம் இரண்டு மூட்டைகள் கிடந்தன. சாதாரணச் சாக்கு இல்லை. கோட்டுத் துணியின் மிச்சத்தில், இரட்டைத் தையல் போட்டு, ஓரம் மடித்துத் தைத்த மணல் மூட்டைகள். ஒன்று தட்டையாக, இன்னொன்று நெட்டையாக. இரண்டையும் சேர்த்து வைத்தால் தலையில்லாத ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

"இது யாரு மேடம், ரெண்டாவது பலியா?"

"டிரைவர்" என்றார் நிதானம். "சீட்டுல ஆள் உக்காந்தா அந்தப் பக்கம் வண்டி அமுங்கும். அமுங்கினா சக்கரத்தோட சாய்வு மாறும், பார்வையும் மாறும். அதனால அலைன்மென்ட் பார்க்கும்போது டிரைவர் சீட்டுல ஆள் இருக்கணும். அவரே கீழ படுத்து வேலை செய்யறாரே, சீட்டுல யார் உக்காருவா? அவருக்குப் பதிலா மூட்டை. அவர் எடைக்குச் சரியா."

உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு ஆடியது. தையல்காரரும் அதில்தான் மணலை நிறுத்திருக்க வேண்டும். "மாட்டு" என்றார்.

முதல் மூட்டை ஏறியது. இரண்டாவதைத் தலைக்கு மேல் தூக்கியபோது, சர்ர்ரென்று ஒரு சத்தம். வாலின் கோட்டுக் கை தோளிலிருந்து கழன்று, முழங்கை வரை இறங்கி வந்து நின்றது.

"ஐயோ, என் போட்டோ!"

நிதானம் தராசையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. பிய்ந்த இடத்தில் தொங்கிய நீளமான வெள்ளை நூலைப் பார்த்தார். "இது என்ன தையல்?"

"தையலே இல்ல மேடம். நான்தான் அவசரப்பட்டுட்டேன். டெய்லர் 'இன்னைக்குப் போட்டுப் பார்க்க மட்டும் வா'ன்னாரு. கையை, காலரை எல்லாம் இப்படி ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி வச்சிருப்பாங்க. நாம போட்டுப் பார்த்து 'சரியா இருக்கு'ன்னு சொன்னாத்தான் மிஷின்ல முடிவாத் தைப்பாங்க. நான் போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில நானே அழகா தெரிஞ்சேன், அப்படியே நழுவி வந்துட்டேன்."

வேன்காரம்மா கையைத் தூக்காதே என்றது இதனால்தான். நிதானம் பத்திரப்படுத்தியிருந்த புதிர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"தராசைப் படி."

"ஐம்பத்தி... எட்டு." வால் வீட்டுக்குள் மாலை போட்டிருந்த படத்தை நினைத்துப் பார்த்தான். இரட்டை நாடி, பீப்பாய் உடம்பு. "மேடம், படத்துல இருந்தவரு பாதியா இளைச்சாத்தான் இந்த மூட்டை எடைக்கு வருவாரு. தன்னை எடை போடத் தெரியாதவரா?"

"அளவெடுக்கறது தொழில், வால். அளவு தப்பாது. அப்போ அளவு அவருடையது இல்ல."

சுவரில், காரின் டிரைவர் கதவு வரும் இடத்துக்கு நேராக, தையல் சாக்கட்டியில் இரண்டு கோடுகள் இருந்தன. மேல் கோட்டின்மேல் குறுக்கே அடித்திருந்தது. நான்கு விரல் கீழே இன்னொரு கோடு. அதன் ஓரத்தில் சக்கரம் மாதிரி ஒரு சின்ன வட்டம். நிதானம் தரையிலிருந்து கீழ்க் கோடு வரை டேப் வைத்து அளந்தார். அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது.

"என்ன மேடம்?"

"இன்னும் தெரியல" என்றார். தெரிந்துவிட்டால் நன்றாக இருக்காது என்பது போலச் சொன்னார்.

போலீஸ் கொட்டகையில் கார் முகம் நசுங்கிக் கிடந்தது. ஒரே கையுள்ள கோட்டுடன் வந்தவனைக் காவலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

"விபத்துல சிக்கினது நீங்களா?"

"இது புது ஃபேஷன். காத்தோட்டம்" என்றான் வால்.

நிதானம் தரையில் பழைய பேப்பரை விரித்துப் படுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். வலது பக்க நட்டு. துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, சுத்தமாக இருந்தது. கையால் திருகி நிறுத்திய அளவுக்குத்தான் இறுக்கம். இடது பக்கமும் அதே போல, அதே அளவு. நட்டுக்குப் பக்கத்தில் கம்பியைச் சுற்றி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அழுக்கு என்று விட்டிருப்பார்கள். அவர் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

நூல். கிரீஸில் ஊறிய வெள்ளை நூல், முடிச்சுப் போட்டு, இரண்டு நட்டிலும்.

"இதை யாரும் எடுக்கலையா?" என்று காவலாளியைக் கேட்டார்.

"நூலா? அழுக்கு நூலெல்லாம் சாட்சியா? வேணும்னா எடுத்துக்குங்க."

அவர் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் முடிச்சு கலையாமல் அறுத்தெடுத்து, காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். "அந்த ஸ்பேனர் ரெண்டும் எங்க இருந்துச்சு?"

"பக்கத்து சீட்டுல. ஏதோ துணியில சுத்தி இருந்துச்சு. ஸ்பேனரை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க."

துணி இன்னும் சீட்டுக்கடியில் கிடந்தது. நிதானம் விரித்தார். துவைத்து மடித்த வெள்ளைத் துணி. உள்ளே அளவு டேப், ஒரு துண்டு சாக்கட்டி.

"வால், ஒரு கொலைகாரன் நட்டைத் தளர்த்தறான். ஆயுதத்தை என்ன செய்வான்?"

"கிணத்துல போடுவான்."

"துடைச்சு, வெள்ளைத் துணியில சுத்தி, சாகப்போறவன் பக்கத்து சீட்டுல வைப்பானா? டேப்பும் சாக்கட்டியும் சேர்த்து?"

வால் தோளில் தொங்கிய வெள்ளை நூலைத் தொட்டுப் பார்த்தான்.

ஒர்க் ஷாப்பில் சுவர் முழுக்கச் சிவப்புக் கைப்பிடி ஸ்பேனர்கள், பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக. நடுவில் இரண்டு இடம் காலியாக இருந்தது. மெக்கானிக் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டியபடி வேலை செய்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி.

"நான் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "அக்கா புகார் கொடுத்தா கொடுக்கட்டும்."

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னுவாங்க. உங்க வாய்க்கு மட்டும் எங்கப்பா கிடைச்சுது?" என்றான் வால்.

நிதானம் அவனருகில் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார்.

"அவர் நட்டை இறுக்க மறக்கல. ஓட்டுத் தையல் போட்டு வச்சிருந்தார். அப்படித்தானே?"

கையிலிருந்த ஸ்பேனர் பாதியில் நின்றது.

"எந்தத் துணியையும் அவர் ஆள் போட்டுப் பார்க்காம முடிக்க மாட்டார். மூட்டையை வச்சு அளவெடுத்தார், கம்பியைத் திருகிச் சரி பண்ணினார். ஆனா மூட்டை மூட்டைதானே. நிஜ ஆள் உக்காந்து, அவர் திரும்ப அளந்து பார்த்து, 'சரியா இருக்கு'ன்னு கேட்ட பிறகுதான் நட்டு. அதுவரைக்கும் ஞாபகத்துக்கு ஒரு வெள்ளை நூல். ஐம்பத்தெட்டு கிலோ. உங்க அக்கா எடை அதுதானா?"

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இடது கால்தானே போச்சு, கிளட்ச் இல்லாத வண்டியை வலது கால் ஒண்ணே ஓட்டும்டான்னாரு. அவ வேன் ஓட்டினப்போ எப்படி இருப்பா தெரியுமா? பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவா. கால் போனதுலேர்ந்து பாட்டு நின்னுடுச்சு. மாமாவுக்கு அது தாங்கல. நான் சொன்னேன், என்கிட்ட மிஷின் இருக்கு, அரை மணியில முடிச்சுத் தர்றேன்னு. கேக்கல. 'உங்க அக்காவுக்கு நானே தைக்கணும்டா'ன்னாரு. தைக்கணும்னுதான் சொன்னாரு, வண்டியை."

"அன்னைக்குச் சண்டை?"

"போய்ப் பார்க்கறேன், ரெண்டு நட்டும் கையால திருகி நிக்குது, நூல் கட்டி! அது உடனே கழண்டு விழாது. ஆனா ஓட ஓட கம்பி தன்பாட்டுக்குத் திரும்பும், சக்கரம் வெளிப்பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். வயிறெரிஞ்சு கத்தினேன். 'இப்படியே எடுத்தீங்கன்னா செத்துத்தான் போவீங்க மாமா'ன்னு. 'முடிக்காத துணியை நான் என்னைக்குடா வெளிய அனுப்பியிருக்கேன்'னு சிரிச்சாரு. என் ஸ்பேனர் ரெண்டையும் அங்கேயே வச்சுட்டு வந்தேன். அரைச் சுத்து. ரெண்டு பக்கமும் அரைச் சுத்து இறுக்கியிருந்தாப் போதும்."

"அப்புறம் அக்கா போன் பண்ணினாங்க."

"கால் தயார்னு." மெக்கானிக் கண்ணைத் துடைத்தான், கன்னத்தில் கிரீஸ் இழுத்துக்கொண்டது. "அவரால பொறுக்க முடியல. அவ இருக்கிற இடத்துக்கே வண்டியைக் கொண்டுபோய், உக்கார வச்சு, அளந்து, அங்கேயே நட்டை இறுக்கி, அவளையே ஓட்டிக்கிட்டு வரச் சொல்லியிருப்பாரு. மெதுவாப் போனா போயிடலாம்னு நினைச்சிருப்பாரு. மழை வரும்னு நினைக்கல."

வால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களை எண்ணுவது போல நின்றான்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் நிதானம்.

"சொன்னா என்ன ஆகும்? எனக்காக வண்டி செஞ்சு, என் போனுக்கு ஓடி வந்து செத்தாருன்னு அக்கா நினைப்பா. தம்பி கொன்னுட்டான்னு நினைச்சா என்மேல கோபம் இருக்கும். கோபம் இருந்தா மனுஷங்க சோறு தின்னுடுவாங்க மேடம். தன்மேலேயே பழியைப் போட்டுக்கிட்டா அவ எழுந்திரிக்க மாட்டா." அவன் கை கூப்பினான். "நான் உள்ள போறேன். நீங்க சொல்லாதீங்க."

வெளியே வந்ததும் வால் கேட்டான். "என்ன செய்யப்போறோம்? பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாதுன்னா, இங்க ரெண்டுமே நம்ம ஆளா இருக்கே."

"அவங்க கேட்டது ஒரே கேள்வி. தம்பியா, இல்லையா. அதுக்கு மட்டும் பதில் சொல்லுவேன்."

"அவங்க அதோட விடுவாங்களா?"

அன்று நிதானம் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்.

வேன்காரம்மாவின் வீட்டுக்குத் திரும்பியதும், "உங்க தம்பி இல்லை" என்றார் நிதானம். "இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசறேன். நீங்க புகார் கொடுக்க வேண்டியதில்லை."

வேன்காரம்மா கண்ணை மூடித் திறந்தார். ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. உடனே, நிதானம் பயந்தபடியே, அடுத்த கேள்வி வந்தது.

"அப்போ நட்டு ஏன் லூசா இருந்துச்சு?"

"வேற எதுவும் தெரிய வேணாம்னு காலையில சொன்னீங்க."

"காலையில சொன்னேன்."

ஒரு பொய் நிதானத்தின் நாக்குவரை வந்தது; நல்ல பொய்தான். ஆனால் எதிரில் இருந்தவர் வாலின் கோட்டைப் பார்த்த பார்வையிலேயே அதன் தையலைக் கண்டுபிடித்தவர். காகிதத்தைப் பிரித்து அந்த நூலை மேஜைமேல் வைத்தார்.

வேன்காரம்மா அதைத் தொடவில்லை. பார்த்தார்.

"இது அவரு முடிச்சு. துணி முடிஞ்சதும் ஓட்டுத் தையல் பிரிக்கிறது என் வேலை. இருபது வருஷமா பிரிச்சிருக்கேன். ஒரு நுனியை இழுத்தா முழுசும் வந்துடும், அப்படிப் போடுவாரு." "இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

நிதானம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேன்காரம்மாவின் கண் ஜன்னலுக்குப் போய், ஷெட்டின் கதவில் நின்று, பிறகு மூலையில் இருந்த பெட்டிக்கு வந்தது.

"தம்பி, அந்தப் பெட்டியைப் பிரிங்க" என்றார் வாலிடம். "எப்படி மாட்டறதுன்னு அன்னைக்கே சொல்லிக் கொடுத்தாங்க."

கால் மாட்டுவதற்கு நேரம் பிடித்தது. முற்றத்தைத் தாண்ட அதைவிட நேரம் பிடித்தது. ஒரு பக்கம் நிதானம், மறுபக்கம் ஒற்றைக் கைக் கோட்டில் வால். படியருகே வந்ததும் வேன்காரம்மா இருவரையும் விடச்சொன்னார். நிலைக்கதவைப் பிடித்து, முதலில் வலது காலை, பிறகு அந்தப் புதுக் காலைத் தூக்கி வைத்தார்.

உள்ளே நூல்கள் விறைப்பாக நின்றன. வேன்காரம்மா கோட்டுத் துணி மூட்டைகளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். சுவரில் இருந்த இரண்டு கோடுகளுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"மேல இருக்கிறது வண்டி வாங்கினப்போ சீட்டு இருந்த உயரம்" என்றார் நிதானம் தாழ்ந்த குரலில். "அந்த உயரத்துக்கு நாற்காலியிலேர்ந்து உங்களால மாற முடியாது. அதனாலதான் வண்டியை இறக்கினார்."

வெளியே முற்றத்தில் யாரோ வந்து நிற்கும் சத்தம். மெக்கானிக். படிக்கு அந்தப் பக்கமே, உள்ளே வரத் துணிவில்லாமல் நின்றான். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கழுதை" என்றார் வேன்காரம்மா. "மாமா மாதிரியே நீயும். என் நாற்காலியைத் தூக்கிட்டு உள்ள வா."

அவன் ஓடிப்போய்த் தூக்கி வந்தான். படியைத் தாண்டி, சுவரோரம், கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான். பிடித்த கையை அவர் விடவில்லை.

நாற்காலியின் மெத்தையும் கீழ்க் கோடும் ஒரே உயரம்; ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

வேன்காரம்மா சாக்கட்டிக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார், கலைந்துவிடாமல். வால் தன் பிய்ந்த கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நிதானம் வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

மேஜையிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த அழுக்கு நூலின் ஒரு நுனியை வேன்காரம்மா இழுத்தார். முடிச்சு முழுசாகப் பிரிந்து வந்தது.

"சரியா இருக்குங்க" என்றார்.